பயந்தாங்கொள்ளி ஸ்விட்ச்

ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் யாஃபா சில்கா "மாட்டேன்" என்று சொன்னதை முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் இஸ்ரேலில், கம்ப்யூட்டர் சிப் வடிவமைக்கும் அந்த ஹைஃபா அலுவலகத்தில் அவள் மாட்டேன் என்று சொல்வது அதிசயமா என்ன? பதினேழு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் பகுதியில் யாராவது எதையாவது புதுசாக மாற்றலாம் என்று வாயைத் திறந்தால் போதும், கூட்டிக்கொண்டு போய்த் தன் அறைக் கதவைக் காட்டுவாள். அதில் அவளே கைப்பட எழுதி ஒட்டிய அட்டை ஒன்று உண்டு: "ஓடுகிறதா? கை வைக்காதே." கடல் பக்கத்து வெயில் பட்டு மை பழுப்பாகிவிட்டது, ஆனாலும் எழுத்து தெரியும்.

அதனால் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த அம்னோன், "நல்லது, அப்ப யாஃபாவோட வரிசை நாற்பது" என்று குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினான்.

"அம்னோன், நான் மாட்டேன்னு சொன்னேன்."

"எதை மாட்டே?"

"நாற்பதாக்க மாட்டேன். இன்னொரு ஒட்டுப் போட மாட்டேன். மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வெள்ளைத் தாள்லேர்ந்து எழுதப் போறேன். ரெண்டு பேரு வேணும், பன்னிரண்டு வாரம் வேணும்."

சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் நின்றது. அப்புறம் யாரோ ஒருவர் சிரிக்க, மேஜையைச் சுற்றி இருந்த இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். நாஸரெத்திலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிற பிஷாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாராவது அவ காபியில என்னமோ கலந்துட்டாங்க" என்றான். யாஃபா சிரிக்கவில்லை.

யாஃபாவின் பகுதி என்பது பிராசசருக்குள் இருக்கும் ஒரு வரிசை. கணக்குப் போட்டு வந்த விடை நேரே நினைவகத்துக்கு ஓடிவிடாது. இந்த வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும். அதற்குள் யாராவது அதே விடையைக் கேட்டால், வரிசையில் கடைசியாக வந்தது எது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். மருந்தகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்பதைப் போலத்தான். எண் குழம்பினால் ஒருவருடைய மாத்திரை இன்னொருவர் பைக்குள் போய்விடும். முப்பத்து நாலு வயதில் அவள் இதை முதன்முதலாக எழுதியபோது வரிசையில் பன்னிரண்டு இடம். பிறகு வந்த சிப்புகளில் பதினாறு, இருபது, இருபத்து நாலு, முப்பத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன அடி, சில ஒட்டுகள். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு ஸ்விட்ச்.

அந்த ஸ்விட்சுக்கு இந்தத் தொழிலில் மரியாதை இல்லாத பெயர் ஒன்று உண்டு: பயந்தாங்கொள்ளி. எதைப் புதிதாகச் சேர்த்தாலும் கூடவே ஒரு பயந்தாங்கொள்ளியை வைத்தே ஆக வேண்டும். சிப் கடைக்குப் போன பிறகு புதுசு தகராறு செய்தால் ஸ்விட்சை அணைத்துவிடலாம், பழைய முறை வேலை செய்யும். சிலிக்கானில் ஒரு தடவை ஏறிவிட்டதை ரப்பர் போட்டு அழிக்க முடியாது என்பதால் வந்த ஜாக்கிரதை அது. யாஃபாவின் பகுதியில் மட்டும் முப்பத்தேழு பயந்தாங்கொள்ளிகள் குடியிருந்தார்கள்.

கலிபோர்னியாவில் இருக்கும் தலைமை அலுவலகம் ஒரு சட்டம் வைத்திருந்தது. ஒரு சிப்பில் சின்ன அடி, அடுத்த சிப்பில் பெரிய தாவல். இந்த முறை சின்ன அடி. தாவுவது வேறு ஊரில் வேறு ஆட்களின் வேலை. அதுவும் அவர்கள் கடைசியாகத் தாவிய தாவலில் பிறந்த சிப் உலையாகக் கொதித்து, முன்னூறு பேருடைய நாலு வருஷ உழைப்பு குப்பைக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து வெள்ளைத் தாள் என்ற சொல்லைக் கேட்டாலே மேலிடம் உடனே இல்லை என்றுவிடும்.

முதலில் வாயைத் திறந்தவன் யோத்தாம். வயது முப்பத்து நாலு, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவன். வந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் யாஃபாவின் பகுதியைப் புதிதாக எழுதலாம் என்று மனுப் போட்டு, வருஷம் தவறாமல் அந்த அட்டைக்கு முன்னால் நிறுத்தப்பட்டவன். இப்போது பதவி உயர்ந்து சிப்பை முடிக்கும் தேதி அவன் தலையில் இருந்தது.

"மூணு வருஷம் உன்கிட்ட கெஞ்சினேன். கதவைக் காட்டினே. இப்ப தேதி என் கழுத்துல தொங்கறப்ப உனக்கு ஞானோதயமா?"

"அப்ப எனக்குப் புரிஞ்சுது. இப்ப புரியல."

"என்ன புரியல?"

"என் பகுதி எனக்குப் புரியல."

அந்தக் கட்டடத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். களைப்பாக இருக்கிறது என்று சொல்லலாம், மேலதிகாரி முட்டாள் என்று அவன் முகத்துக்கு நேரேயே சொல்லலாம். புரியவில்லை என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அதுவும் யாஃபா. மற்றவர்கள் தலை குனிந்து கோப்பையைப் பார்த்தார்கள்.

"எட்டு இடம் கூட்டினா என்ன ஆகும்னு மூணு வாரம் உக்காந்து பார்த்தேன்" என்றாள் அவள். "முன்னாடியெல்லாம் ஒரு மத்தியானம் போதும். இப்ப ஒரு ஸ்விட்சை அணைச்சா இன்னொண்ணு என்ன பண்ணும்னு எனக்கே சொல்லத் தெரியல. எனக்குத் தெரியலேன்னா இங்க எவனுக்கும் தெரியாது."

"தப்பு எங்க? காட்டு" என்றான் அம்னோன்.

"தப்பு இருக்குன்னு நான் சொல்லல."

"அப்ப வேலை செய்யுது."

"செய்யுது. எப்படிச் செய்யுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாம செய்யுது."

அம்னோன் நெற்றியைத் தேய்த்தான். அவனும் யாஃபாவும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூட நாடகங்களுக்கெல்லாம் அவன் போயிருக்கிறான். "கலிபோர்னியாவுக்கு நான் என்னன்னு எழுதுவேன்? யாஃபாவுக்குப் புரியலையாம், பன்னிரண்டு வாரம் தள்ளிப் போடுங்கன்னா?"

"அப்படியே எழுது. எழுத்துப் பிழை இல்லாம எழுது."

"முடியாது."

"சரி. இந்த வாரம் உடைக்கிற வாரம்தானே?"

சிப்பின் வரைபடத்தைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த மாடியில் சண்டை நடக்கும். யார் வேண்டுமானாலும் யாருடைய பகுதியையும் சோதனை நிரல் எழுதித் தாக்கலாம். உடைந்தால் உடைத்தவர் பெயர் பலகையில் ஏறும். உடைபட்டவர் வியாழக்கிழமை மாடி முழுவதுக்கும் பொரேக்கா, அதாவது எள் தூவிய பப்ஸ், வாங்கி வர வேண்டும், பாலாடைக்கட்டி வைத்தது பாதி, உருளைக்கிழங்கு வைத்தது பாதி, வேகவைத்த முட்டையும் ஊறுகாயும் சேர்த்து. யாஃபா பொரேக்கா பெட்டி தூக்கிப் பதினொரு வருஷம் ஆகிறது.

"நாற்பது இடத்தோட என் பகுதியை யோத்தாம் கட்டட்டும்" என்றாள். "நான் உடைக்கிறேன்."

"உன்னுதை நீயேவா?"

"நானேதான். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள உடைச்சா வெள்ளைத் தாளும் பன்னிரண்டு வாரமும் எனக்கு. உடைக்கலேன்னா பகுதியை யோத்தாம் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு நாலாவது மாடிக்குப் போயிடறேன்."

நாலாவது மாடியில் கையேடு எழுதுகிறவர்கள் இருந்தார்கள். அங்கே ஏறிப் போன பொறியாளர் யாரும் கீழே இறங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை. சோதனை எந்திரங்களைக் கட்டி மேய்க்கும் ஸீனா, லெனின்கிராட்டிலிருந்து வந்து பதிமூன்று வருஷமாகியும் ரஷ்ய முகத்தை மாற்றிக்கொள்ளாதவள், கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதைக் கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்."

அம்னோன் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டான். பின்வாங்குவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் பின்வாங்கவில்லை. "யல்லா, ஆகட்டும், வியாழக்கிழமை பன்னிரண்டு" என்று எழுதிக்கொண்டான்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் யோத்தாம் நாற்பது இடத்தையும் கட்டி முடித்துவிட்டான். பையன் கெட்டிக்காரன், அதை யாஃபா எப்போதும் மறுத்ததில்லை. அன்றே அவள் தாக்க ஆரம்பித்தாள். வரிசையை நிரப்பிப் பார்த்தாள், காலியாக்கிப் பார்த்தாள், நிரம்பும் கணத்தில் நடுவிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். ஒரே விடையை முப்பத்தொன்பது தடவை எழுதிவிட்டு, நாற்பதாவதை எழுதும்போதே திருப்பிக் கேட்டாள். ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள், பிறகு ஜோடி ஜோடியாக. அடித்தளத்தில் ஸீனாவின் ஆயிரம் எந்திரங்கள் உறுமின. திரையில் பச்சை வந்தது, எதுவும் உடையவில்லை. மேலே ஓட்டினாள், பச்சை. கீழே ஓட்டினாள், பச்சை.

ஒவ்வொரு பச்சையும் கன்னத்தில் விழுந்த அறை. அதே பச்சையைப் பார்த்து உள்ளுக்குள் அல்பமாக ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு மூலையில் அவள் அடைத்து வைத்த ஓட்டை இன்றைக்கு அவளையே மடக்கியது. இப்படி ஒரு கோட்டையைக் கட்டச் சொல்லி இவளை யார் கேட்டார்கள்?

செவ்வாய்க்கிழமைக்குள் மாடியில் கிண்டல் களைகட்டிவிட்டது. பிஷாரா அவள் அறையைத் தாண்டும்போதெல்லாம் நின்று, "நாலாவது மாடியில ஏசி ஜில்லுன்னு இருக்குமாம் யாஃபா, ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றான். யாரோ பலகையில் இரண்டு கட்டம் கிழித்து, தாக்குபவர் யாஃபா, காப்பவர் யாஃபா என்று எழுதி, நடுவில் பூஜ்யம் போட்டிருந்தார்கள். யாஃபா ஒரு துணியை எடுத்து அந்தப் பூஜ்யத்தை மட்டும் அழித்தாள்.

"ஆட்டம் முடியல" என்றாள் பொதுவாக.

புதன்கிழமை யோத்தாம் அவள் அறைக்கு வந்தான். அச்சடித்த தாள் கட்டு ஒன்று அவன் கையில் இருந்தது. காப்பவன் என்பதால் மூன்று நாளாக அவள் பகுதி முழுவதையும், அறுபதாயிரம் வரியையும், முதல் தடவையாக ஒழுங்காகப் படித்திருந்தான். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"நூத்துப் பதினோராம் பக்கம். 'இங்கே ஒரு துடிப்பு காத்திரு'ன்னு இருக்கு. ஒரு கடிகாரத் துடிப்பு சும்மா நிக்குது, எதுக்கு?"

"தெரியாது."

"நீதானே எழுதினே?"

"நான்தான். தொண்ணூத்து மூணுல. எதுக்குன்னு எழுதி வைக்கல. ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன், மொத்தமும் நின்னு போச்சு. பேசாம திருப்பி வச்சுட்டேன்."

 தாள் கட்டைப் புரட்டினான். "இந்த மாதிரி எத்தனை இருக்கு?"

"எண்ணினதில்ல."

அவன் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தான். "யாஃபா, நாளைக்கு வரைக்கும் இழுக்காத. முடியலேன்னு இன்னிக்கே சொல்லிடு. நான் அம்னோன்கிட்ட பேசறேன். நாலாவது மாடியெல்லாம் வேணாம், இங்கயே என்கூட இரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அது யாஃபாவுக்கும் தெரிந்தது, தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. "எழுந்திரு. போய் உன் கோட்டையைக் காவல் காத்துக்கோ. நான் இன்னும் தோக்கல."

அவன் போன பிறகு திரையைப் பார்த்தாள். பச்சை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாஃபா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறவள் இல்லை, நடைமுறை தெரிந்தவள். மூன்று மணி நேரத்தில் தோற்கப் போவதாக இருந்தால் சாமான்களைப் பிறர் எடுத்து வைக்க வேண்டாமே. பிள்ளைகள் படம், இரண்டு கோப்பை, விசிறி எல்லாம் பெட்டிக்குள் போயின. கதவில் இருந்த அட்டையைப் பிய்த்தபோது பெயிண்டும் சேர்ந்து வந்தது. மேஜையின் கடைசி இழுப்பறையில், பழைய பேட்டரிகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் கிடந்தது.

அவசரத் தாள். அவள் எழுதி, அவள் கையெழுத்துப் போட்டது. சிப் கடைக்குப் போய், யாருக்கும் புரியாத தகராறு ஒன்று வந்து, வாடிக்கையாளர்கள் போனில் கத்தும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்காக. அதில் இருந்தது ஒரே ஒரு வரி. "முப்பத்தேழு ஸ்விட்சையும் அணை."

யாஃபா அந்த வரியை இரண்டாம் தடவை படித்தாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்குப் படியிறங்கி ஓடினாள், ஐம்பத்தோரு வயதில், செருப்பு ஒன்று பாதிப் படியில் கழன்று விழ.

"ஸீனா! எல்லாத்தையும் அணைச்சு ஓட்டியிருக்கியா?"

"ஒவ்வொண்ணா அணைச்சு ஓட்டியிருக்கேன். ஜோடியா ஓட்டியிருக்கேன். நீயும்தான் மூணு நாளா ஓட்டினே."

"எல்லாத்தையும் சேர்த்து?"

ஸீனா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அது பத்திரமான நிலை. அதைப் போய் யாராவது சோதிப்பாங்களா? நேரம் வீணு."

"பத்திரம்னு யாரு சொன்னா?"

ஸீனா தாளின் அடியில் விரலை வைத்தாள். "நீதான். இதோ உன் கையெழுத்து."

யாஃபா முப்பத்தேழையும் அணைத்தாள். மூன்று நாளாக எழுதிய தந்திர நிரல் எதையும் எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரம் பயிற்சியாகக் கொடுக்கும் நிரல் ஒன்று உண்டு. நாற்பது இடத்தில் நாற்பது எண்ணை எழுதி, திருப்பிப் படிப்பது. அதை ஓட்டினாள்.

முப்பத்து மூன்றாவதில் சிவப்பு.

ஸீனா ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னாள், நல்ல வார்த்தையாக இருக்காது. யாஃபாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எல்லா ஒட்டுக்கும் அடியில், அவள் முதன்முதலில் எழுதிய டோக்கன் கணக்கு அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. அது முப்பத்திரண்டு வரைக்கும்தான் எண்ணும். பன்னிரண்டு பேர் நிற்கிற வரிசைக்கு முப்பத்திரண்டு டோக்கன், இது என் ஆயுசுக்கும் போதும் என்று அந்த முப்பத்து நாலு வயதுக்காரி நினைத்திருந்தாள். பிறகு வந்த புதுக் கணக்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. முப்பத்திரண்டு இடம் வரைக்கும் பழசை யார் எழுப்பியிருந்தாலும் தப்பியிருக்கும். நாற்பது இடத்தில், முப்பத்து மூன்றாவதாக வந்தவனுக்கும் முதல் டோக்கனையே கிழித்துக் கொடுத்தது. எல்லாம் கைவிட்ட பிறகு ஓடி வந்து ஒதுங்க வைத்திருந்த இடம்தான் இடிந்து கிடந்தது.

ஜெயித்ததற்குத் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் நல்ல வேலை அது.

ஸீனா குரலைத் தாழ்த்தினாள். "நான் பாக்கலேன்னு சொல்லட்டுமா? நீ தோத்துடுவே. ஆனா இது வெளிய வராது. யோத்தாம்கிட்ட தனியா சொன்னா சரி பண்ணிடுவான்."

"எதுக்கு? தொண்ணூத்து மூணுல நான் ஒண்ணை மூடி வச்சதே போதும்" என்றாள் யாஃபா. "பன்னிரண்டு மணிக்குப் பெரிய திரையில போடு. என் பேரைப் பெருசாப் போடு."

பிறகு டாக்ஸி பிடித்து ஹதார் கடைத்தெருவுக்குப் போனாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாலு பெட்டி பொரேக்காவைச் சுமந்துகொண்டு கூட்ட அறைக்குள் நுழைந்தாள். அறை முழுவதும் எள்ளும் வெண்ணெயும் மணத்தன. பெட்டியைப் பார்த்ததும் பிஷாராவின் வாய் தானாகத் திறந்தது. உடைபட்டவர்தான் பெட்டி தூக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாஃபா பலகைக்குப் போய், உடைத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். உடைபட்டவர் என்ற இடத்திலும் எழுதினாள். ஸீனா திரையைப் போட்டாள்.

யாஃபா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். எந்த நிலையில் உடைந்தது, எந்த வரியில், அந்த வரியை எழுதியது யார், எப்போது, என்ன நினைத்து. முடித்துவிட்டுப் பெட்டிகளைத் திறந்து வைத்தாள்.

அம்னோன்தான் முதலில் மூச்சு விட்டான். அவன் முகத்தில் பெரிய நிம்மதி. "அவ்வளவுதானா? எண்ணிக்கையில ஒரு பிட் கூட்டினா அறுபத்து நாலு வரைக்கும் எண்ணும். பத்து நிமிஷ வேலை!"

அறையே சேர்ந்து மூச்சு விட்டது. ஆமாம், ஒரே ஒரு பிட். யாஃபா ஜெயித்துவிட்டாள், ஜெயித்ததை அம்னோன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"பந்தயம் உடைக்கிறதுக்கு" என்றாள் அவள். "ஒட்டுப் போட முடியுமாங்கறதுக்கு இல்ல."

"யாஃபா, ஹபீபி, கலிபோர்னியா பந்தயத்தையா கேக்கும்? சரி பண்ண முடியுமான்னு கேக்கும். முடியும்னு நான் சொல்லணும். பொய் சொல்லச் சொல்றியா?"

"பதினேழு வருஷமா நானும் இதையேதான் சொன்னேன். ஒரே ஒரு ஒட்டு, பத்து நிமிஷம். நான் போட மாட்டேன்."

"நீ போட வேணாம்." அம்னோன் குரல் இறுகியது. "யோத்தாம், நீ போடு. இப்பவே போடு, முடிச்சுட்டு வீட்டுக்குப் போவோம்."

யோத்தாம் கையில் கடிக்காத பொரேக்கா இருந்தது. அதைத் தட்டில் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான், தேவைக்கு அதிகமான நேரம் எடுத்துக்கொண்டு.

"நானும் போட மாட்டேன்."

"என்ன?"

"அதை முழுசா படிச்சவன் இந்த அறையில ரெண்டு பேருதான். ஒருத்தி அவ, ஒருத்தன் நான். ஒரு பிட் கூட்டினா வேற எது விழும்னு எனக்குத் தெரியல. தெரியாம கை வச்சுட்டு, சரி பண்ணிட்டேன்னு உனக்குக் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்."

"தேதி உன்னுது!"

"தேதி என்னுதுதான். தள்ளிப் போறதுக்கும் நானே பதில் சொல்றேன்."

அம்னோன் பிஷாராவைப் பார்த்தான். மூன்று நாளாக ஸ்வெட்டர் ஜோக் சொன்னவன் மேஜையைப் பார்த்தபடி, "மாட்டேன்" என்றான். அம்னோன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். அவளும் மாட்டேன் என்று தலையாட்டினாள். மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான், ஒவ்வொருவரும் மாட்டேன் என்றார்கள், சிலர் வாயால், சிலர் பேசாமல். கடைசியில் ஸீனா. "நான் எழுதறவ இல்ல" என்றாள் அவள். "எழுதறவளா இருந்தாலும் மாட்டேன்."

"அப்ப நானே போடறேன்!" அம்னோன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் கடைசியாக ஒரு வரி எழுதி ஒன்பது வருஷம் இருக்கும்.

யாஃபா ஒரு வார்த்தை பேசாமல் விசைப்பலகையை அவன் பக்கம் நகர்த்தினாள். பெரிய திரையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்னோன் அந்தக் கணக்கைத் தேடிப் போனான். அது இன்னொரு கணக்கைக் கூப்பிட்டது, அது வேறொன்றை. ஸ்விட்ச், ஸ்விட்சுக்குள் ஸ்விட்ச். பாதி வழியில் ஓரிடத்தில் நின்றான்.

"'இங்கே ஒரு துடிப்பு காத்திரு.' இது எதுக்கு?"

 யாஃபாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். அம்னோன் இன்னும் இரண்டு வரி கீழே இறங்கிப் பார்த்தான், அங்கேயும் ஒரு ஸ்விட்ச். அப்புறம் விசைப்பலகையை மெதுவாக அவள் பக்கமே தள்ளினான்.

"பன்னிரண்டு வாரம்" என்றான். "பதிமூணாவது வாரம் கேட்டே..."

"கேட்டா பெட்டி தயாரா இருக்கு. காலையிலேயே கட்டி வச்சுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பொரேக்கா மறுபடி கை மாறத் தொடங்கியது. ஆனால் அம்னோன் போகவில்லை. எந்த மாற்றத்துக்கும் முதல் நாளே கலிபோர்னியாவுக்குப் போக வேண்டிய படிவத்தைத் திரையில் திறந்தான். பகுதியின் பெயர், பொறுப்பாளர், எத்தனை வாரம் எல்லாவற்றையும் யாஃபா நிரப்பினாள். கடைசியாக ஒரு கட்டம் இருந்தது: புதியது தவறினால் பழையதற்குத் திரும்பும் ஸ்விட்சின் பெயர். அதைக் காலியாக விட்டால் படிவம் நகராது.

யாஃபா "இல்லை" என்று தட்டினாள்.

"அதை மாத்து" என்றான் அம்னோன். "அவங்க முதல்ல படிக்கறதே அந்தக் கட்டம்தான். பயந்தாங்கொள்ளி இல்லாம இந்தக் கம்பெனியில ஒரு சிப் வெளிய போனதில்ல. பேருக்கு ஒண்ணு வை. பழசை ஒரு ஓரமா வச்சுக்கோ."

"மாட்டேன்."

"நாளைக்குப் புதுசு தகராறு பண்ணினா எங்க திரும்பிப் போவே?"

அவள் திரையின் மறுபாதியைக் காட்டினாள். அந்தச் சிவப்பு வரி இன்னும் அங்கேதான் இருந்தது, முப்பத்து மூன்றாவது எண்ணுக்கு எதிரே, அவள் பெயரோடு.

"எங்க திரும்பிப் போறதாம்? அங்கயா?"

அம்னோன் பார்த்தான். யோத்தாம் பார்த்தான்.  யாஃபா விரலில் ஒட்டியிருந்த வெண்ணெயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படிவத்தை அனுப்பினாள்.